சூசனுக்கு என்ன ஆயிற்று?

கதையில் வருகிற ஒருத்திக்காக நியாயம் கேட்டு, கதை எழுதினவருக்கே கடிதம் போடுகிற வாசகர்கள் உண்டு. "அவளை ஏன் இப்படி விட்டுவிட்டீர்கள்? பிறகு அவள் என்ன ஆனாள்?" என்று, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கவலைப்படுவது போலக் கவலைப்பட்டு எழுதுவார்கள். கடிதத்தின் ஆரம்பத்தில் மரியாதை பலமாக இருக்கும். நாலாவது வரியில் சண்டை தொடங்கிவிடும். நாவல் எழுதுவதைத் தொழிலாக வைத்துக்கொண்டவனுக்கு இதைவிட மனம் குளிரச் செய்யும் தபால் வேறு கிடையாது. புகழ்ந்து எழுதுகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள். சண்டைக்கு வருகிறவர்களோ முழுக்கப் படித்தவர்கள்!

பதில் எழுத உட்காரும்போதுதான் சங்கடம். "அவள் சௌக்கியமாக இருக்கிறாள், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று எழுதினால், அதைக் கதையிலேயே எழுதியிருக்கலாமே என்பார்கள். "எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது, திரும்பப் படியுங்கள்" என்றாலோ, ஆசிரியருக்குத் தலைக்கனம் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. அதில் பல வருஷம் அலுக்காமல் நடந்தவர் ஸி. எஸ். லூயிஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர். குழந்தைகளுக்கு அவர் எழுதிய பதில்களைத் திரட்டி 1985-இல் ஒரு சிறு புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். அவருடைய கதைகளைவிட எனக்கு அந்தக் கடிதங்கள்மேல்தான் ஆசை அதிகம்.

லூயிஸ் 1898-இல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். 1954 வரை ஆக்ஸ்போர்டிலும், அதன் பிறகு கேம்பிரிட்ஜிலும் இடைக்கால இலக்கியத்தைப் பிரமாதமாகக் கற்றவர், கற்பித்தவர். சிறு வயதிலேயே தெய்வ நம்பிக்கையை உதறிவிட்டு, 1931-இல் மறுபடி கிறிஸ்தவரானவர். அப்படிப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களின் பக்தியில் ஒரு தனிப் பிடிவாதம் இருக்கும்; இவரிடமும் இருந்தது. ஐம்பதை எட்டும் வரை பிரம்மசாரியாக இருந்த இந்த மனிதர், 1950 முதல் 1956 வரை வருஷத்துக்கு ஒன்றாக ஏழு குழந்தைக் கதைகளை எழுதித் தள்ளினார். நார்னியா என்ற மாய தேசத்தின் கதைகள் அவை.

யுத்தகாலத்தில் லண்டனில் குண்டு விழுகிறதென்று, பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நாலு குழந்தைகளைக் கிராமத்தில் ஒரு வயோதிகப் பேராசிரியரின் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு துணி அலமாரி. அதற்குள் தொங்கும் கம்பளிச் சட்டைகளை விலக்கிக்கொண்டு போனால் பனி கொட்டுகிற காடு வருகிறது. அங்கே மிருகங்கள் பேசுகின்றன. ஒரு சூனியக்காரி, கிறிஸ்துமஸே வராத நித்திய மாரிக்காலத்தை அந்தத் தேசத்தின்மேல் சுமத்தியிருக்கிறாள். அவளை முறியடிக்க அஸ்லான் என்ற சிங்கம் வருகிறது. துருக்கி மொழியில் அஸ்லான் என்றாலே சிங்கம்தான். லேன் மொழிபெயர்த்த 'ஆயிரத்தோர் இரவுகள்' நூலின் குறிப்புகளிலிருந்து எடுத்ததாக லூயிஸே ஒரு குழந்தைக்கு எழுதியிருக்கிறார். தன் சகோதரர்களைக் காட்டிக்கொடுத்த எட்மண்டுக்குப் பதிலாக அந்தச் சிங்கம் தன்னையே பலி கொடுத்துவிட்டு, மறுநாள் விடியலில் உயிர்த்தெழுகிறது.

இதைப் படிக்கும் கிறிஸ்தவக் குழந்தை எதற்காக நிமிர்ந்து உட்காரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர் புத்தகத்தில் எங்கும் அதைச் சொல்லவில்லை. மூன்றாவது கதையின் முடிவில், உங்கள் உலகத்தில் எனக்கு வேறொரு பெயர் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சிங்கம் சொல்வதோடு சரி. அந்த வேறொரு பெயர் என்ன என்று கேட்டு 1953-இல் ஒரு சிறுமி அவருக்குக் கடிதம் போட்டாள். அவர் பெயரைச் சொல்லவில்லை; திருப்பிக் கேள்வி கேட்டார். கிறிஸ்துமஸோடு வந்தவர், தம்மைப் பெரிய சக்கரவர்த்தியின் மகன் என்று சொல்லிக்கொண்டவர், யாரோ செய்த குற்றத்துக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்துக் கொல்லப்பட்டு மீண்டும் எழுந்தவர், ஆட்டுக்குட்டி என்றும் அழைக்கப்படுகிறவர் யாராவது நம் உலகத்தில் இருந்ததில்லையா, நீயே யோசித்துச் சொல் என்று எழுதினார். விடுகதைக்கு விடை சொல்லிக் கெடுக்காத நல்ல தாத்தாவின் சாமர்த்தியம் இது.

தபால் வந்தால் அன்றன்றே பதில் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். மையைத் தொட்டுத் தொட்டு எழுதும் பழைய பேனாவால் காலை வேளைகளில் உட்கார்ந்து எழுதுவார். கடிதங்கள் மலையாகக் குவிந்தபோது அண்ணன் வாரன் டைப் அடித்து உதவினார். இந்தத் தபால் அவருக்குச் சும்மா போகவில்லை. 1950-இல் அமெரிக்காவிலிருந்து வாசகியாகக் கடிதம் எழுதத் தொடங்கிய ஜோய் டேவிட்மன் என்ற கவிஞர், 1956-இல் அவருக்கு மனைவியானார்! வாசகர் கடிதங்களுக்குப் பதில் போடுவது வீண் வேலை என்று நினைக்கிற சக எழுத்தாளர்களின் கவனத்துக்கு இதை வைக்கிறேன்.

கடிதங்களில் என் மனத்தை மிகவும் தொட்ட ஒன்று, 1955-ஆம் வருஷம் மே மாதம் ஓர் அமெரிக்கத் தாய்க்கு எழுதியது. அவளுடைய ஒன்பது வயது மகன் ஒரு பெரும் பயத்தில் அகப்பட்டுக்கொண்டிருந்தான். இயேசுவை நேசிப்பதைவிட அஸ்லானை அதிகமாக நேசித்துவிட்டோமோ, அது விக்கிரக ஆராதனை ஆகாதோ என்பது அவன் பயம். பெரியவர்கள் சிரிப்போம். ஒன்பது வயதில் அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பது பக்தியுள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

லூயிஸ் சிரிக்கவில்லை. அவன் அஸ்லானை எதற்காக நேசிக்கிறானோ, அந்தச் செயலும் சொல்லும் எல்லாம் இயேசு செய்ததும் சொன்னதும்தான். ஆகவே அவன் நேசிப்பது இயேசுவைத்தான் என்று முதலில் தைரியம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் பாக்கியிருப்பதை அவர் மறைக்கவில்லை. அஸ்லானுக்குச் சிங்கத்தின் உடம்பு இருக்கிறது, இயேசுவுக்கு அது இல்லை. ஒருவேளை பையனுக்கு அந்த உடம்புதான் அதிகம் பிடித்திருக்கிறதோ என்னவோ. இருந்தால்தான் என்ன? சிறுவர்களின் கற்பனை எப்படி ஓடும் என்பது அவர்களைப் படைத்தவருக்குத் தெரியாதா? வயது ஏறினால் அது தானே அடங்கும் என்று எழுதினார். பிறகு அந்தப் பையன் சொல்ல ஒரு பிரார்த்தனையும் யோசனை சொன்னார். அதன் கடைசிப் பகுதிதான் வேடிக்கையும் உருக்கமும். திருவாளர் லூயிஸ் தம் புத்தகங்களால் வேறு குழந்தைகளையும் கவலைப்பட வைத்திருந்தால் அவரை மன்னித்து, இனிமேல் அப்படிச் செய்யாதபடி காப்பாற்றும் என்று பையன் வேண்டிக்கொள்ளலாமாம்!

இதை எழுதியபோது அவர் பேர் பெற்ற பேராசிரியர். நாஸ்திகர்களோடு மேடையேறி வாதாடியவர். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தம் பாத்திரத்தை நிஜமாக எடுத்துக்கொண்டான் என்றால், அதன் விளைவுக்குத் தாம் பொறுப்பு என்று நினைத்தார். கதை வேறு, நிஜம் வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்கு வழியிருந்தது. அந்த வழியாகப் போகவில்லை.

அதே பையன் 1957-இல் இன்னொரு வழக்கைக் கொண்டுவந்தான். ஏழு புத்தகங்களையும் எந்த வரிசையில் படிப்பது? வெளிவந்த வரிசைதான் என்றாள் தாய். கதைக்குள் காலம் ஓடும் வரிசை என்றான் மகன். லூயிஸ் மகன் கட்சிக்குச் சாய்ந்தார். கூடவே, நான் எதையும் திட்டம் போட்டு எழுதவில்லை, எந்த வரிசையில் படித்தாலும் பெரிய நஷ்டமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரு பையனைச் சந்தோஷப்படுத்த எழுதின நாலு வரி. அதை ஆதாரமாகக் காட்டிப் பிற்காலத்தில் பிரசுரகர்த்தர்கள் புத்தகங்களின் எண்களையே மாற்றிப் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 1994-இல் அது நடந்தது. ஆறாவதாக வெளிவந்தது முதலாவது ஆகிவிட்டது. அலமாரிக்குள் கையை விட்டுப் பனியைத் தொடுகிற அந்த முதல் ஆச்சரியம், இன்று கடையில் வரிசைப்படி வாங்குகிற குழந்தைக்குப் பாதி போய்விடுகிறது. என் ஓட்டு தாய்க்குத்தான்.

நான் சொல்ல வந்தது வரிசையைப் பற்றி அல்ல. ஆசிரியர் கடிதத்தில் எழுதியதற்கு இவ்வளவு பலம் உண்டு என்றால், அவர் சூசனைப் பற்றிக் கடிதத்தில் எழுதியதற்கு ஏன் அந்தப் பலம் கிடைக்கவில்லை?

சூசன் நாலு குழந்தைகளில் இரண்டாமவள். முதல் கதையில் அஸ்லான் சாகப்போகிற இரவில் அவளும் லூசியும்தான் அதன் கூடவே நடந்து போகிறார்கள். அதன் பிடரிமயிருக்குள் கைகளைப் புதைத்துக்கொண்டு, அந்தப் பெரிய துக்கத்துக்குத் துணை போகிறார்கள். மறுநாள் உயிர்த்தெழுந்ததைக் கண்டவர்களும் அவர்களே. கல்லறைக்குப் போன ஸ்திரீகளை நினைத்துத்தான் ஆசிரியர் இதை எழுதியிருக்க வேண்டும். அதன் பிறகு நால்வரும் நார்னியாவின் சிம்மாசனங்களில் அமர்கிறார்கள். சூசனுக்கு 'மென்மையானவள்' என்று பட்டப் பெயர். நார்னியாவில் ஒரு முறை ராணியானால் என்றைக்கும் ராணி என்பது சிங்கத்தின் வாக்கு.

ஏழாவது கதையான 'கடைசிப் போர்' முடியும் தறுவாயில், எல்லோரும் பரலோகம் போன்ற ஓர் இடத்தில் ஒன்றுகூடுகிறார்கள். சூசனை மட்டும் காணோம். நார்னியாவின் அரசன் விசாரிக்கிறான். அவள் இப்போது நார்னியாவின் சிநேகிதி அல்ல என்று பீட்டர் சுருக்கமாகச் சொல்கிறான். நார்னியாவைப் பற்றிப் பேசினால், சின்ன வயதில் விளையாடின விளையாட்டையெல்லாம் இன்னுமா ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று சிரிக்கிறாள் என்கிறான் யூஸ்டஸ். அவளுக்கு நைலான் காலுறை, உதட்டுச் சாயம், விருந்து அழைப்பு இவற்றைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்கிறாள் ஜில். போலி என்ற முதியவளும் தன் பங்குக்கு ஒரு இடி இடிக்கிறாள். சரி, இந்தப் பேச்சை விடுவோம், இந்தப் பழமரங்களைப் பாருங்கள், தின்று பார்க்கலாம் என்கிறான் பீட்டர். அவ்வளவுதான். கூடப் பிறந்தவளைப் பற்றிய பேச்சு ஒரு பக்கம்கூட நீளவில்லை. அண்ணன் பழம் பறிக்கப் போய்விடுகிறான். லூசி வாயைத் திறக்கவே இல்லை.

பிறகுதான் வாசகனுக்குத் தெரிகிறது: ஒரு ரெயில் விபத்தில் இவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். அண்ணன், தம்பி, தங்கை, அத்தை மகன் யூஸ்டஸ், போதாதென்று அதே ரெயிலில் போன தாய் தகப்பனார். சூசன் ஒருத்திதான் இங்கிலாந்தில் உயிரோடு இருக்கிறாள். அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லை.

எத்தனை வாசகர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு அடைத்திருக்கும்! உதட்டுச் சாயம் பூசினதற்காக ஒரு பெண்ணை நரகத்துக்கு அனுப்பிவிட்டார் என்று பலர் இன்றுவரை ஆசிரியரைத் திட்டுகிறார்கள். லூயிஸின் நூற்றாண்டான 1998-இல் பிலிப் புல்மன் என்ற நாவலாசிரியர் பத்திரிகையில் கடுமையாகவே எழுதினார். பெண்பிள்ளை பெரியவளாவதே இந்த ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்பது குற்றச்சாட்டின் சாரம்.

நான் ஆசிரியர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். முதலாவது, அவர் அவளை நரகத்துக்கு அனுப்பவில்லை. செத்தவர்கள்தான் அந்தப் பழத்தோட்டத்தில் இருக்கிறார்கள், சூசன் சாகவில்லை. இரண்டாவது, அவள்மீதுள்ள நிஜமான குற்றம் உதட்டுச் சாயம் அல்ல. யூஸ்டஸ் சொன்னதுதான் குற்றம். சிங்கத்தின் பிடரியில் கை வைத்து அழுதவள், அதெல்லாம் விளையாட்டு என்று சொல்கிறாளே, அது சாதாரணமான மறதியா? காதலித்தவனைத் தெருவில் கண்டு, இவரை எனக்குத் தெரியாது என்பது போல அல்லவா!

ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று கேட்பதுதான் நாவலாசிரியனின் வேலை. விடை லூயிஸின் புத்தகங்களிலேயே சிதறிக் கிடக்கிறது. முதல் கதையில் இந்தக் குழந்தைகள் நார்னியாவில் பல வருஷம் ஆண்டு, வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். சூசனை மணக்க அரசகுமாரர்கள் வந்து நிற்கிறார்கள். ஒருநாள் தற்செயலாக அலமாரி வழியே திரும்பி வந்தால், மறுபடியும் சிறுமி! பெரியவளாக வேண்டும் என்று துடிக்கிறாளாம். துடிக்க மாட்டாளா? ஒருமுறை பெரியவளாக இருந்து அதைப் பறிகொடுத்தவள் அவள். இரண்டாவது கதையின் முடிவில் அவளிடமும் பீட்டரிடமும், உங்களுக்கு வயதாகிவிட்டது, இனி நீங்கள் நார்னியாவுக்கு வரமுடியாது என்று சொல்லப்படுகிறது. மூன்றாவது கதையின் முதல் பக்கங்களில் அவளை மட்டும் பெற்றோர் அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். காரணம், அவள் குடும்பத்திலேயே அழகி, படிப்பு வராது, வயதுக்கு மீறின பக்குவம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, ஆனால் ஆசிரியர்மேல் அல்ல. உனக்கு அழகுதான் மூலதனம் என்று பெரியவர்கள் ஒரு பெண்ணிடம் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, அவள் அதையே நம்பிவிட்டால் எல்லோரும் சேர்ந்து சிரிப்பது நம் வீடுகளிலும் நடக்காததல்ல.

வருஷக் கணக்கையும் பார்க்கலாம். லூயிஸ் தம் கதைகளுக்குக் கால அட்டவணை ஒன்று எழுதிவைத்திருந்தார். அவர் காலமான பிறகு அது அச்சில் வந்தது. அதன்படி சூசன் 1928-இல் பிறந்தவள். நார்னியாவின் கதவு அவளுக்குச் சாத்தப்பட்டது 1941-இல். ரெயில் விபத்து 1949-இல். பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது 1941 ஜூனில். எடுத்தது 1949 மார்ச்சில். அதாவது அவளுடைய பதின்மூன்றாம் வயதிலிருந்து இருபது தாண்டும் வரை ஒரு பாவாடைக்கும் கூப்பன் எண்ணிக் கொடுக்க வேண்டிய காலம். நைலான் முழுவதும் பாரசூட் தைக்கப் போய்விட்டது. காலுறை கிடைக்காத பெண்கள் காலிலேயே சாயத்தைப் பூசிக்கொண்டு, பின்பக்கம் தையல் மாதிரி பென்சிலால் ஒரு கோடும் இழுத்துக்கொண்டு நடனத்துக்குப் போனார்கள். இந்தக் காலத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு நைலான் காலுறைமேல் ஆசை என்றால், அது ஆடம்பரமா, அல்லது யுத்தம் முடிந்துவிட்டது என்று தன் காலுக்குத் தானே சொல்லிக்கொள்வதா?

இதை லூயிஸ் அறியாதவர் என்று சொல்லமுடியாது. முதல் கதையில் எட்மண்ட் எதற்காகத் துரோகியானான்? மிட்டாய்க்காக. டர்க்கிஷ் டிலைட் என்று சர்க்கரை மாவு தூவின, நம் அல்வாவுக்குத் தூரத்து உறவான ஒரு பண்டம். சூனியக்காரி அதைக் கொடுத்தாள். அவன் தன் கூடப்பிறந்தவர்களை விற்றான். 1950-இல் அந்தப் புத்தகம் வெளிவந்தபோது பிரிட்டனில் மிட்டாய்க்கு ரேஷன் நீங்கவில்லை. 1953 பிப்ரவரியில்தான் நீங்கியது. அதைப் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்மண்டின் நாக்கு புரிந்திருக்கும். ஆசிரியருக்கும் புரிந்தது. அவனுக்காகச் சிங்கத்தையே பலி கொடுத்தார். மிட்டாய்க்கு அலைந்த பையனைப் புரிந்துகொண்ட அதே பேனா, காலுறைக்கு ஆசைப்பட்ட பெண்ணைக் கண்டால் கேலி செய்கிறது. நான் குறை காண்பது இந்தக் கேலியைத்தான். அவளுடைய கதி அல்ல, அவளைப் பற்றிப் பேசுகிற குரல்.

அதே 'கடைசிப் போர்' நூலில் எமெத் என்று ஓர் அந்நிய தேசத்துச் சிப்பாய் வருகிறான். எபிரேய மொழியில் அந்தப் பெயருக்கு 'உண்மை' என்று பொருள். ஆயுள் முழுவதும் தாஷ் என்ற வேறொரு தெய்வத்தை, அதுவும் பயங்கரமான ஒரு தெய்வத்தை, மனப்பூர்வமாக வணங்கினவன். அவனை அஸ்லான் அன்போடு ஏற்றுக்கொள்கிறது. நீ நல்ல மனத்தோடு அங்கே செய்த சேவையெல்லாம் எனக்குச் செய்ததே என்கிறது. கட்டுப்பாடான கிறிஸ்தவர்கள் சிலர் இதற்காக இன்றும் லூயிஸைக் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கங்கள் நாவலின் சிகரம். ஆனால் அங்கேதான் கேள்வியும் கூர்மையாகிறது. அறியாமல் வெளியே நின்றவனுக்கு இத்தனை விசாலமான கதவு! உள்ளே இருந்து தவறி வெளியே போனவளுக்கு மட்டும் ஒரு வரி கிடையாதா?

அந்த ஒரு வரியைத்தான் வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். 1957 ஜனவரியில் ஒரு சிறுவனுக்கு அவர் எழுதின பதிலின் சாரம் இது. சூசனுக்கு என்ன ஆயிற்று என்று புத்தகங்கள் சொல்லவில்லை. அவள் இந்த உலகத்தில் உயிரோடு விடப்பட்டிருக்கிறாள். அதற்குள் கொஞ்சம் அசட்டுத்தனமும் அகம்பாவமும் பிடித்த இளம்பெண்ணாக மாறியிருக்கிறாள். ஆனால் திருந்துவதற்கு அவளுக்கு வேண்டிய காலம் இருக்கிறது. கடைசியில் அவளும் தன் வழியில் அஸ்லானின் தேசத்துக்கு வந்து சேரலாம்.

அசடு என்ற சொல் மறுபடி வந்துவிட்டது, பாருங்கள். கேலி முழுசாகப் போகவில்லை. ஆனாலும் 'தன் வழியில்' என்று சொன்னாரே, அதற்காக அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். புத்தகத்தில் எல்லோருக்கும் ஒரே வழி; அலமாரி வழி, ஓவியத்தின் வழி, ரெயில் வழி என்று சிங்கம் கூப்பிட்ட வழி. சூசனுக்கு மட்டும் அவளுடைய சொந்த வழி ஒன்று இருக்கலாம் என்று கடிதத்தில்தான் ஒப்புக்கொள்கிறார்.

1960-இல் இன்னொரு வாசகருக்கு எழுதினது இன்னும் வெளிப்படை. சூசனின் கதையை என்னால் எழுத முடியாது. அவள் வந்து சேருவாள் என்ற நம்பிக்கை இல்லாமல் அல்ல. அந்தப் பிரயாணத்தின் கதை நான் எழுத விரும்புவதைவிட நீண்டதாகவும், பெரியவர்கள் படிக்கும் நாவல் போலவும் ஆகிவிடும். நீங்களே ஏன் எழுதிப் பார்க்கக் கூடாது?

சிலர் இதைக் கைகழுவுதல் என்பார்கள். எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி ஒரே நாளில் தாய், தகப்பன், உடன்பிறந்தார் மூவர் எல்லோரையும் பறிகொடுக்கிறாள். வீட்டுக்கு வந்து யாரோ கதவைத் தட்டிச் செய்தி சொல்கிறார்கள். அப்புறம் அவள் அந்த வீட்டின் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து துணிமணிகளை எடுத்து வைக்க வேண்டும். அலமாரிகளை! இதைக் குழந்தைக் கதையில் எழுத முடியாது என்று அவர் அறிந்திருந்தது அவருடைய கைத்திறனுக்கு அத்தாட்சி. தம்மால் எழுத முடியாது என்று வாசகரிடம் ஒப்புக்கொண்டது அதைவிட உயர்ந்த குணம். ஆனால் தம்மால் எழுத முடியாத கதையைத் தொடங்கி வைத்துவிட்டு, அதைப் பழமரத்தடியில் இரண்டு கேலி வார்த்தையோடு மூடியிருக்க வேண்டாம். பீட்டரை ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கவைத்திருந்தால் போதும். லூசி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் போதும். இத்தனை கடிதங்களும் வந்திருக்காது.

கடிதம் புத்தகத்தைத் திருத்துமா? திருத்தாது. புத்தகம் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. கடிதம் ஒரே ஒரு பையனுடைய மேஜைக்குப் போயிற்று. படிக்கும் வரிசையைக் கடிதம் மாற்றியது என்றால், அதை மாற்றுவது பிரசுரகர்த்தருக்குச் சுலபம் என்பதால்தான். சூசனின் விஷயத்தில் அச்சேறின பக்கத்துக்குத்தான் அதிகாரம். வாசகர்கள் சண்டை போடுவதும் அந்தப் பக்கத்தோடுதான்; அது சரியும்கூட.

'நீங்களே எழுதுங்கள்' என்றாரே, எழுதினார்கள். 2004-இல் நீல் கெய்மன் என்ற ஆங்கில எழுத்தாளர், சூசனை நினைவூட்டும் ஒரு முதிய பேராசிரியையை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். கசப்பான கதை, எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கும் அதன் பாதிதான் பிடித்தது. பேர் தெரியாத எத்தனையோ பேர் தங்கள் நோட்டுப் புத்தகங்களில் தங்களுக்குப் பிடித்த சூசனை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருத்தி மாதாகோவிலுக்குத் திரும்பிப் போகிறாள். ஒருத்தி போக மறுக்கிறாள். ஒருத்திக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

லூயிஸ் கடைசிவரை குழந்தைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1963 நவம்பர் 21-ஆம் தேதியும் ஒரு பையனுக்கு எழுதினார். அஸ்லான் யார் என்பதைக் குழந்தைகள் ஏறக்குறைய எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பெரியவர்கள்தான் கண்டுபிடிப்பதில்லை என்று அதில் ஆச்சரியப்பட்டார். மறுநாள் மாலை காலமானார். அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்ட நாள் அது. பத்திரிகைகளில் இவருக்கு அதிக இடம் கிடைக்கவில்லை.

கணக்குப்படி சூசன் இருந்தால் இப்போது நூறை நெருங்கியிருப்பாள். அவளுடைய நாவலைப் பெரியவர்களுக்காக யாராவது சரியாக எழுதினால், முதல் பிரதியை விலை கொடுத்து வாங்க நான் தயார். எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். முதல் அத்தியாயத்தை ரெயில்வே ஸ்டேஷனில் ஆரம்பிக்க வேண்டாம். 1949 மார்ச் மாதம், கூப்பன் தேவையில்லாத முதல் நாள் காலையில், ஏதாவது ஒரு துணிக்கடை வாசலில், பெண்களோடு பெண்ணாக அவள் வரிசையில் நிற்கட்டும்.